மந்தி மலத்தில் புழுவின் பெயர் தேடுவது: வன்னிக் காட்டில் புதிதாக இறங்குபவர்களுக்கு

டி.என்.ஏத் துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர் இயந்திரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கலாம். பென்சில் இல்லாமல் தொடங்க முடியாது. காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வேலை இதுதான். இலங்கையின் வடக்கே வன்னிக் காட்டில் திரியும் குரங்குகளின் குடலில் எந்தெந்தப் புழு குடியிருக்கிறது என்று அவற்றின் மலத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். விலங்கைப் பிடிப்பதில்லை, மயக்க ஊசி போடுவதில்லை, தொடுவதுமில்லை. மலத்தில் வெளிவரும் முட்டைகளிலும், குடம்பி எனப்படும் புழுக்குஞ்சுகளிலும் உள்ள டி.என்.ஏயைப் பிரித்தெடுத்து, அதில் ஒரு துண்டைப் பெருக்கி, அதன் எழுத்துவரிசையை வாசித்துப் பெயர் சொல்வதுதான் முறை. ஆய்வுகூடப் பகுதிக்கு எத்தனையோ கையேடுகள் கிடைக்கும். மரத்தடிப் பகுதியைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. என் அனுபவத்தில் வேலை கெட்டுப்போவது அங்கேதான், ஆகவே அதைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

முட்டையைப் பார்த்தால் போதாதா?

பாதிக்குப் போதும். சாட்டைப்புழுவின் முட்டையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். இரண்டு முனையிலும் அடைப்பு வைத்த தவில் போல, 50 முதல் 55 மைக்ரோமீற்றர் நீளத்தில், மண்ணிறமாகக் கிடக்கும். ஆனால் அது மனிதரில் வாழும் சாட்டைப்புழுவா, பன்றியினுடையதா, குரங்குக்கே உரியதா என்று முட்டை சொல்லாது.

கொக்கிப்புழு வகையில் சிக்கல் இன்னும் பெரிது. மெல்லிய ஓடு, முட்டை வடிவம், உள்ளே சில கலங்கள். கொக்கிப்புழுவும், குடற்சுவரில் முடிச்சு உண்டாக்கும் ஈசோபாகோஸ்டோமமும், இன்னும் சில உறவினர்களும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த முட்டைகளையே இடுகின்றன. 60 முதல் 90 மைக்ரோமீற்றர் வரையான அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். மலத்தை ஒரு வாரம் ஈரமாக வைத்துக் குடம்பி வளர்த்து, அதன் வாலைப் பார்த்துப் பிரிக்கும் பழைய வழி இன்றும் நல்ல வழிதான். ஆனால் அதற்குப் பழகிய கண் வேண்டும். அப்படிப்பட்ட கண்கள் குறைந்துகொண்டு வருகின்றன.

பெயர் தெரிவதால் என்ன மாறும் என்று கேட்பீர்கள். ஆபிரிக்காவில் வட தோகோவிலும் கானாவிலும் ஈசோபாகோஸ்டோமம் மனிதரையும் குரங்குகளையும் பீடிப்பது பதிவாகியிருக்கிறது. குரங்கிடமிருந்தே மனிதருக்கு வருகிறது என்று நினைப்பது இலகு. டி.என்.ஏயை ஒப்பிட்டபோது மனிதரிலுள்ள புழுக்களும் குரங்கிலுள்ள புழுக்களும் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. முட்டையை மட்டும் பார்த்திருந்தால் குரங்கின் தலையில் பழி விழுந்திருக்கும். எங்கள் பக்கத்தில் பழி சுமக்கக் குரங்குக்கு ஏற்கெனவே காரணங்கள் நிறைய. 2023 இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார்கள். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க 5 நிமிடம் தோட்டத்தில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. பெர்டியெல்லா என்னும் நாடாப்புழு இலங்கைச் சிறுவர்களில் பதிவாகியிருக்கிறது. மண்ணிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகளின் உடலில் இதன் இளம்பருவம் வளரும். அந்தச் சிற்றுண்ணி ஒட்டிய பழத்தையோ மண்ணையோ விழுங்கினால் பிள்ளைக்குப் புழு வரும். குரங்குகளே இதன் இயல்பான விருந்தோம்பி, ஆகவே இங்கே குரங்கைச் சந்தேகிப்பது நியாயம்.

மூன்றாவது உதாரணம் எங்கள் ஊர்ப் பெயரையே சுமக்கிறது. அன்கைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற கொக்கிப்புழுவை 1911 இல் லூஸ் என்பவர் இலங்கையின் மரநாய் ஒன்றிலிருந்து விவரித்துப் பெயரிட்டார். நாய், பூனையில் வாழும் இந்தப் புழு மனிதரிலும் வளரும். முட்டை மற்றக் கொக்கிப்புழுக்களின் முட்டையைப் போலவே இருக்கும். நுணுக்குக்காட்டியில் 'கொக்கிப்புழு' என்று எழுதி முடித்தால் நாய் இந்தக் கதைக்குள் வரவே வராது.

அனுமதியும் பாதையும்

மலம்தானே என்று நினைத்து நேரே போகாதீர்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். ஒதுக்கக் காடென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களுக்குள் நிபந்தனைகள் வேறு. கோயில் வளவென்றால் பரிபாலன சபையிடமும், வயற்கரையென்றால் காணிக்காரரிடமும் கேளுங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் கடிதத்துக்கும் சேர்த்து மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். டி.என்.ஏயை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் முதல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் பாடு. அனுமதிக் கடிதத்தின் போட்டோ பிரதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கிராம அலுவலரைப் போய்ப் பார்ப்பது சட்டத்துக்காக அல்ல, மரியாதைக்காக.

வன்னியில் ஒரு விடயம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். கண்ணிவெடி உண்டென்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அப்பால் ஓரடியும் வைக்கவேண்டாம். பலகை இல்லையென்றாலும், ஊரவரும் மாடும் நடக்காத இடத்தில் நீங்களும் நடக்காதீர்கள். எந்தக் காடு துப்புரவாக்கப்பட்டது, எது இன்னும் இல்லை என்று விறகுக்குப் போகிறவருக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாட்கூலியைக் கொடுங்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் அவரே சொல்வார்.

பையில் என்ன இருக்கவேண்டும்

95 சதவீத எதனோல். ஆய்வுகூடத் தரம். கடையில் வாங்கும் நிறம் போட்ட ஸ்பிரிட் உதவாது. திருகுமூடி போட்ட 15 மி.லீ ரியூப்கள், ஐஸ்கிரீம் குச்சிகள், நைட்ரைல் கையுறை, முகக்கவசம், சிப் வைத்த பைகள், ரெஜிபோம் பெட்டி, கழிவு போட ஒரு தடித்த பை. காலுக்கு மூடிய சப்பாத்து, செருப்போடு வராதீர்கள். சில புழுக்களின் குடம்பி தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. உண்ணிக்காகக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். தொப்பியும் வேண்டும், மந்திக் கூட்டத்துக்கு நேர் கீழே நிற்கப் போகிறீர்கள்.

இனிப் பென்சில் கதை. நான் தொடங்கிய காலத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் மூன்று விடியற்காலை நின்று 23 ரியூப் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், ஆணா பெண்ணா, மரத்தின் இலக்கம் எல்லாம் ரியூப்பின் வெளிப்பக்கம் பேனையால் நேர்த்தியாக எழுதியாயிற்று. நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக மோட்டார் சைக்கிளில் வவுனியா வந்து பெட்டியைத் திறந்தால், ஒரு மூடி சரியாகத் திருகுப்படாமல் எதனோல் கசிந்திருந்தது. பேனை மை எதனோலில் கரையும் என்று எனக்குத் தெரியாமலில்லை, யோசிக்கவில்லை. 23 ரியூப்பும் நீலக் கறையோடு ஊமையாகப் படுத்திருந்தன. மலம் நல்ல மலம், டி.என்.ஏயும் நல்லாக வந்திருக்கும். எது யாருடையது என்றுதான் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

அன்றிலிருந்து தடித்த கடதாசித் துண்டில் பென்சிலால் இலக்கம் எழுதி ரியூப்புக்கு உள்ளேயே போடுகிறேன். பென்சில் கரி எதனோலில் கரையாது. வெளியிலும் ஒரு துண்டு ஒட்டி அதற்குமேல் செலோரேப் சுற்றுகிறேன். மற்ற விவரமெல்லாம் கொப்பியில்.

மரத்தடி

இந்தப் பக்கத்தில் உங்கள் கண்ணில் கூடுதலாகப் படுவது இரண்டு இனம். ஒன்று தலைமயிர் நடுவிலிருந்து சுற்றிவர விரிந்த, செம்மண்ணிறக் குரங்கு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயல்பாக இல்லாதது. மற்றது கருமுகமும் நீண்ட வாலும் சாம்பல் உடலும் கொண்ட மந்தி. குரங்கு கிடைத்ததெல்லாம் தின்னும், கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஓடும். மந்தி பெரும்பாலும் இலை, பூ, காய். அறைகளாகப் பிரிந்த வயிற்றில் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள், ஆய்வுகூடத்தில் திரும்ப வந்து நிற்கும்.

முதல் நாள் மாலை ஐந்தரைக்குப் பிறகு கூட்டம் எந்த மரத்தில் அடைகிறது என்று பார்த்துவையுங்கள். குளக்கட்டு மருது, ஆல், பெரிய பாலை, புளி இவற்றையே நான் முதலில் பார்ப்பேன். மறுநாள் விடியமுன் அங்கே நிற்கவேண்டும். எழும்பியதும் அவை செய்யும் முதல் வேலைகளில் ஒன்று உங்களுக்குத் தேவையான வேலை. பத்து மீற்றர் தள்ளி நின்று ஒரு விலங்கை மட்டும் பாருங்கள். எது, எங்கே போட்டது என்று மனதில் குறித்து, அது நகர்ந்த பிறகு, மலம் விழுந்து பத்து நிமிடத்துக்குள் போய் எடுங்கள். முகக்கவசம் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் தடிமன் குரங்குக்குத் தொற்றாமலிருக்கவும்தான். சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியில் எடுக்காதீர்கள்; முறிகண்டியில் வாங்கிய கச்சானும் பையிலேயே இருக்கட்டும். மீறிக் கடி விழுந்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, விசர்நோய்த் தடுப்புக்காக அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பத்து நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, குரங்குகளில் வாழும் ஸ்ட்ரோங்கிலோயிடீஸ் புல்லெபோர்னி என்ற நூற்புழு. மனிதரில் கூடுதலாகக் காணும் அதன் உறவுப்புழு மலத்தில் குடம்பியாக வெளிவரும். இது முட்டையாக வெளிவரும். ஆனால் முட்டைக்குள் குடம்பி தயாராகச் சுருண்டிருக்கும், வன்னி வெக்கையில் சில மணி நேரத்திலேயே பொரித்துவிடும். காலை ஆறு மணி மலத்தில் முட்டை கண்டால் ஒரு அர்த்தம், பத்து மணி மலத்தில் குடம்பி கண்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் மண். ஒருமுறை ஒன்பது மணி வரை கிடந்த மந்திப் புழுக்கையைக் குச்சியால் பிளந்து பார்த்தேன். மேலே காய்ந்து வெடித்த தோல். பக்கத்தில் சாணி வண்டு துளைத்த ஓட்டை, அதற்குள் ஈ முட்டைகள் வெள்ளையாக. அடிப்பக்கத்தில் மண் ஒட்டிய ஈரம். அந்த ஈரத்தில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தால் புழுக்கள் நெளிகின்றன. பார்க்க ஒட்டுண்ணிக் குடம்பி போலவே இருக்கும். ஆனால் அவை மண்ணில் சும்மா வாழும் வட்டப்புழுக்கள், மலத்திலுள்ள பக்டீரியாவைத் தின்ன ஏறி வந்தவை. குரங்கின் குடலைக் கனவிலும் கண்டிருக்கமாட்டாதவை. பொதுவான பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று காட்டும் சிறு டி.என்.ஏ) போட்டால் அவற்றின் டி.என்.ஏயும் சேர்ந்தே பெருகும்.

ஆகவே நிலத்தில் தொட்ட பகுதியை விடுங்கள். குச்சியால் பிளந்து நடுவிலிருந்து எடுங்கள். ஏறத்தாழ 2 கிராம் போதும். 6 முதல் 8 மி.லீ எதனோலில் போட்டு, குச்சியால் நன்றாக உடைத்து, மூடி இறுக்கிக் குலுக்குங்கள். முழுக் கட்டியாகப் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் பதப்படும், உள்ளே அழுகும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் குச்சி, புதுக் கையுறை.

இன்னொரு ரியூப்பில் 10 சதவீத போமலினில் கொஞ்சம் எடுங்கள். அது முட்டை எண்ணுவதற்கு மட்டும். போமலின் டி.என்.ஏயைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும், அதிலிருந்து பி.சி.ஆர் எதிர்பார்க்காதீர்கள். பழைய போமலின் போத்தல்களை வைத்துக்கொண்டு "இதில பி.சி.ஆர் செய்யலாமோ?" என்று கேட்டு வருடத்துக்கு ஒருவராவது வருகிறார். இரண்டு வகை ரியூப்பையும் ஒரே பையில் போடவும் வேண்டாம்.

கொப்பியில் நேரம், ஜி.பி.எஸ், இனம், பால், வயது, மலம் இறுகலா இளகலா, அன்று என்ன தின்றன என்பவற்றோடு, கிட்டடியில் வீடு, மலசலகூடம், கிணறு, நாய் உண்டா என்பதையும் எழுதுங்கள். கடைசி நாலும் எழுதாதவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள்.

எத்தனை மாதிரி? ஒரு புழு கூட்டத்தில் பத்திலொரு விலங்கில் இருந்தால், அதை ஒருமுறையாவது கண்டுபிடிக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 29 வெவ்வேறு விலங்குகள் தேவை. 0.9 ஐ 29 தரம் பெருக்கிப் பாருங்கள், 0.05 க்குச் சற்றுக் கீழே வரும். ஒரே கிழட்டு ஆண் குரங்கின் மலத்தை 29 நாள் எடுத்தால் அது 29 ஆகாது. இந்தக் கணக்கும், உள்ள புழு எல்லா மலத்திலும் தப்பாமல் தெரியும் என்று நம்பிப் போட்ட கணக்கு. முட்டை வெளியேறுவது நாளுக்கு நாள் மாறும், ஆகவே கூட எடுப்பது நல்லது. மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை போங்கள். ஈர மண்ணில் முட்டையும் குடம்பியும் பிழைப்பது வேறு, ஆடி மாதத்துப் பாளம் வெடித்த குளத்தடியில் பிழைப்பது வேறு.

எதனோலில் போட்டது அறை வெப்பத்தில் சில வாரம் தாங்கும், 4 பாகையில் இன்னும் நல்லது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மட்டும் விடாதீர்கள். எதனோல் தீப்பற்றும் என்பதையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் கண், பிறகு இயந்திரம்

பி.சி.ஆர் பெயர் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது. எனவே நுணுக்குக்காட்டியைத் தள்ளிவைக்காதீர்கள். முட்டைகளை உப்புநீரில் மிதக்கவைக்கும் முறைக்கு ஆனையிறவுக் கல்லுப்பே போதும். சுடுநீரில் அடியில் தேங்கும்வரை கரைத்து ஆறவிட்டால் ஒப்படர்த்தி 1.20 அளவில் வரும். 4 கிராம் மலத்தை இந்தக் கரைசலோடு மொத்தம் 60 மி.லீ ஆக்கி, தேத்தண்ணி வடியில் வடித்து, மக்மாஸ்டர் தட்டின் இரண்டு அறைகளையும் நிரப்பி எண்ணுங்கள். இரண்டு அறையும் சேர்ந்து 0.3 மி.லீ. எண்ணிய முட்டைகளை 50 ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. 7 முட்டை கண்டால் 350. அதை வைத்து வயிற்றில் எத்தனை புழு என்று சொல்லப் புறப்படாதீர்கள். பெண்புழு ஒரே அளவில் முட்டை இடுவதில்லை. பாரமான முட்டைகள் உப்புநீரில் மிதக்காது, அவற்றுக்கு அடையவிடும் முறையையும் செய்யவேண்டும்.

டி.என்.ஏ பிரித்தல்

ரியூப்பைச் சுழற்றி எதனோலை ஊற்றிவிட்டு, மீதியை இரண்டு தரம் கழுவுங்கள். எதனோல் மிஞ்சினால் பின்னால் பி.சி.ஆர் படுத்துவிடும். 200 மில்லிகிராம் எடுத்தால் போதும். மலத்துக்கென்று விற்கும் கிட் எதுவும் சரி, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல கிட்கள் பக்டீரியாவை மனதில் வைத்துச் செய்தவை. வட்டப்புழு முட்டையின் ஓட்டில் கைற்றினும் கொழுப்புப் படலமும் உண்டு. வெறும் இரசாயனத்துக்கு அது லேசில் உடையாது. சிறு மணிகளோடு வேகமாகக் குலுக்கி உடையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் உறையவைத்துச் சூடாக்குவதை மூன்று முதல் ஐந்து தரம் செய்து, பிறகு புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே போட்டு 56 பாகையில் இரவு முழுக்க விடுங்கள். இதைச் செய்யாமல் 'புழு இல்லை' என்று எழுதுவது, கதவு திறக்காததால் வீட்டில் ஆளில்லை என்று சொல்வது போல.

இனி மந்தியின் இலை. இலையிலுள்ள பொலிபீனோல்கள், மலத்திலுள்ள பித்த உப்பு, மண் ஒட்டியிருந்தால் ஹியூமிக் அமிலம் எல்லாம் பி.சி.ஆரின் நொதியத்தைக் கட்டிப்போடும். குரங்கு மாதிரி எல்லாம் வேலை செய்து மந்தி மாதிரி எல்லாம் வெறுமையாக வந்தால், மந்தியில் புழு இல்லை என்று துள்ளாதீர்கள். அதே டி.என்.ஏயைப் பத்திலொன்றாக ஐதாக்கி இன்னொருமுறை ஓட்டுங்கள். மாட்டுச் சீரம் அல்புமினும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள், பலமுறை கை கொடுத்திருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், தெரிந்த டி.என்.ஏ ஒன்றை ஒவ்வொரு மாதிரியிலும் கலந்து அது பெருகுகிறதா என்று பாருங்கள். பெருகவில்லையென்றால் பிழை புழுவில் இல்லை, கரைசலில்.

ஒவ்வொரு தொகுதியிலும் மலமே போடாத ஒரு ரியூப்பை முதலிலிருந்து கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். அதில் பட்டை (பெருகிய டி.என்.ஏ ஜெல்லில் காட்டும் கோடு) வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் சந்தேகம்.

பி.சி.ஆரும் பெயரும்

கொக்கிப்புழு, முடிச்சுப்புழு கூட்டத்துக்குப் பலரும் பாவிப்பது ரைபோசோம் டி.என்.ஏயின் ஐ.டி.எஸ்-2 பகுதி. இனத்துக்கினம் மாறும், ஒரே இனத்துக்குள் பெரிதாக மாறாது. என்.சி.1, என்.சி.2 என்ற பிரைமர் சோடி 1990 களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. 25 மைக்ரோலீற்றர் கலவை, 95 பாகையில் பிரித்து, 55 பாகையில் ஒட்டவைத்து, 72 பாகையில் நீட்டி, 35 சுற்று. 2 சதவீத ஜெல்லில் 300 முதல் 400 டி.என்.ஏ எழுத்துச்சோடி அளவில் பட்டையை எதிர்பாருங்கள். இந்தச் சோடியை எல்லாப் புழுவுக்கும் நம்பியிருக்கவேண்டாம். சாட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் தனிப் பிரைமர் தேவை. நூற்புழுவுக்கு 18 எஸ் பகுதியும் மைற்றோகொண்ட்ரியாவின் கொக்ஸ்-1 உம் நல்ல தேர்வு.

பி.சி.ஆர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைக்கும், பட்டை 'கட்டாயம் வரவேண்டிய' மாதிரிக்கு எங்கே போவது என்று புதியவர்கள் முழிப்பார்கள். இறைச்சிக்கடையில் ஆட்டு வயிற்றின் நாலாம் அறையைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போன்ற புழு பலமுறை அதில் கிடைக்கும். ஹீமொன்கஸ் கொன்டோர்டஸ். ஒரு புழுவின் டி.என்.ஏ பல மாதத்துக்குப் போதும், என்.சி. சோடிக்கும் நன்றாகப் பெருகும். அதை வேறு மேசையில், வேறு நாளில் பிரித்தெடுங்கள். ஆட்டுப் புழுவைக் குரங்கில் 'கண்டுபிடித்த' மகிழ்ச்சி இரண்டு நாளுக்குமேல் நிற்காது. பி.சி.ஆர் முடிந்த ரியூப்பைத் திறக்கும் அறையும் புதுக் கலவை சேர்க்கும் அறையும் வேறாகவே இருக்கட்டும்.

பட்டை வந்ததும் எழுத்துவரிசை வாசிக்கும் சீக்குவன்சிங்குக்கு அனுப்புங்கள். சேங்கர் (Sanger) என்ற வாசிப்பு முறையில் வரும் வரைபடத்தை நீங்களே திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு மலை எழும்பினால் இரண்டு புழுக்கள் கலந்திருக்கக்கூடும். காட்டு விலங்கில் அது அபூர்வம் இல்லை. அப்போது குளோனிங் செய்து துண்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம், அல்லது ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான துண்டுகளை வாசிக்கும் புதுமுறைக்குப் போகலாம்.

ஜென்பாங்க் தரவுத்தளத்தில் ஒப்பிடும்போது முதல் வரியில் வருவதைப் பெயரென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நீளம் ஒத்தது, எத்தனை சதவீதம், இரண்டாவது மூன்றாவது வரிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். தரவுத்தளத்தில் இல்லாத புழுவுக்கு அதன் கிட்டிய உறவினரின் பெயரே முதலில் வரும். மண்ணில் வாழும் வட்டப்புழுவான ராப்டிடிஸ் என்று வந்தால் மண்புழுதியை எடுத்திருக்கிறீர்கள், மரத்தடிக்குத் திரும்புங்கள். நாய்ப்புழு என்று வந்தாலும் உடனே 'குரங்குக்குத் தொற்று' என்று எழுதவேண்டாம். மாசுபட்ட ஏதோ ஒன்றைத் தின்று, முட்டை அப்படியே குடல்வழி கடந்துபோயிருக்கலாம். ஒரே கூட்டத்தில் பல விலங்குகளில், பல நாளில், முட்டையும் எண்ணத்தக்க அளவில் கண்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

ஊருக்கு என்ன சொல்வது

முடிவு வந்தபின் அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "குரங்கில் புழு இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால், சோளத்தையும் கச்சானையும் தேங்காயையும் பறிகொடுத்த மனிதருக்கு அது நஞ்சு வைக்கக் கிடைத்த சாட்டாகிவிடும். எந்தப் புழு, அது மனிதருக்கு வருமா, வந்தால் எந்த வழியால் என்று பிரித்துச் சொல்லுங்கள். பழத்தைக் கழுவுவது, பிள்ளைகள் செருப்புப் போடுவது, திறந்த கிணற்றைச் சுற்றிக் கட்டுவது, மலசலகூடம் என்று பேச்சு அங்கே போய் நிற்கட்டும்.

நெடுங்கேணிப் பக்கத்தில் எனக்கு வழிகாட்டிய ஐயா ஒருவர் முதல் நாளே கேட்டவர், "இவ்வளவு படிச்சுப்போட்டு கடைசியில குரங்குப் பீ பொறுக்கவோ தம்பி வந்தனீங்கள்?" என்று. கடைசி நாள், நான் மேலே எழுதியதையெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லிமுடிக்க, கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப குரங்கு எங்களுக்குத் தாறதோ, நாங்கள் குரங்குக்குக் குடுக்கிறமோ?"

"அது தெரியவேணுமெண்டா ஐயா, உங்கட மலமும் வேணும், உங்கட நாயின்ர மலமும் வேணும். மூண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தாத்தான் விளங்கும். ஆனா ஆக்களிட்ட எடுக்கிறதுக்கு வேற அனுமதிக் கடிதம் எடுக்கோணும்."

"நல்லதாப் போச்சு. என்ரைய விடு. நாயின்ரையத் தாறன், ரியூப்பை வைச்சிட்டுப் போ."

மறுநாள் காலை வெளிக்கிடும்போது அவர் படலையில் ஒரு சிப் பை தொங்கியது. உள்ளே ரியூப், ரியூப்புக்குள்ளே ஒரு கடதாசித் துண்டு. பென்சிலால், 'நாய். காலை 6.10. மண் படேல்லை' என்று எழுதியிருந்தது.